இராட்டினத்திற்குப் புகழ் எதனால்?

உழைப்பும் ஓய்வும் மனித வாழ்வின் இரு கண்கள். திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்து ஆலைகளில் வாரமெல்லாம் உழைப்போர், விடுமுறை நாளில் குடும்பத்துடன் நாடும் இடங்களுள் ஒன்று பொழுதுபோக்குப் பூங்கா. அங்குள்ள இராட்டினங்களுக்குப் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரையோ, கலைஞரின் பெயரையோ சூட்டி விளம்பரம் செய்வது உலக வழக்கமாகிவிட்டது. இதனால் இராட்டினத்திற்கு நன்மை உண்டா? ஆராய்வோம்.

பெயரின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் 2010-இல் ஹாரி பாட்டர் கதையுலகைப் பூங்காவாக அமைத்தபோது, கூட்டம் வெள்ளமெனத் திரண்டது. நம் பக்கத்திலும் சான்று உண்டு. மின்னழுத்தச் சீராக்கிகளால் பெயர்பெற்ற வி-கார்டு நிறுவனத்தார், 2000-இல் கொச்சியில் தொடங்கிய பூங்காவிற்குத் தம் நிறுவனப் பெயரை ஒட்டியே ‘வீகாலாண்ட்’ என்று பெயரிட்டனர். முதன்முறை மக்களை வாயில்வரை அழைத்துவரப் பெயர் உதவும் என்பது தெளிவு.

ஆனால், இரவல் பெயர் நிலைக்குமா? அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 1993-இல் ‘டாப் கன்’ என்ற திரைப்படத்தின் பெயரால் ஒரு ரோலர் கோஸ்டர் அமைந்தது. 2006-இல் பூங்கா விற்கப்பட்டது. பின்னர் படப்பெயரும் நீக்கப்பட்டது. 2008-இல் ‘ஃப்ளைட் டெக்’, 2014-இல் ‘தி பேட்’ என்று பெயர்கள் மாறின. இரும்புத் தடமோ அதுவே, வளைவுகளும் அவையே! வீகாலாண்டும் பின்னாளில் ‘வொண்டர்லா’ ஆயிற்று. ஆயினும் அது வளர்ந்து, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூருக்கும் வந்துவிட்டது.

இயற்பியல் பயிலும் நண்பர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 30 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வை நீக்கிக் கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டர் வேகம் பெறும். வண்டியின் மேல் யார் படத்தை ஒட்டினாலும் இவ்வேகம் கூடாது. வயிற்றைக் கலக்கும் அந்தக் கணத்தைத் தருவது உயரமும் வளைவும் புவியீர்ப்புமே. மறுமுறையும் வரத் தூண்டுவதும் அதுவே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இதைவிட முக்கியமானது உயிர். செம்பரம்பாக்கம் அருகே ஈ.வி.பி. பூங்காவில் 2012-இல் இராட்டினத்தில் ஏறிய இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அவ்விடம் பின்னர் படப்பிடிப்பு நகரமாயிற்று. தாம்பரம் அருகே, திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் 1995-இல் தொடங்கிய கிஷ்கிந்தாவில், 2016 மே மாதம் இராட்டினத்தின் சோதனை ஓட்டத்தின்போது ஊழியர் ஒருவர் மாண்டார். திருகாணியின் பிடிப்பையும் பாதுகாப்புப் பட்டையின் உறுதியையும் எந்த நட்சத்திரத்தின் புன்னகையும் ஈடுசெய்யாது. விளம்பரத்திற்குச் செலவிடுமுன் பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் செலவிடுதலே முறை.

அப்படியாயின் நிறுவனக் கூட்டுறவே வேண்டாமா? வேண்டும், அது அறிவைத் தரும் கூட்டுறவாக இருத்தல் வேண்டும். டிஸ்னி நிறுவனத்தின் எப்காட் பூங்காவில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவுடன் 1999-இல் ‘டெஸ்ட் டிராக்’ திறக்கப்பட்டது. கார்களுக்கு நடத்தும் சோதனைகளையே பயணமாக்கி, பார்வையாளரை அமர்த்தி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினர். இங்கு நிறுவனத்தின் தொழிலே விளையாட்டாயிற்று.

நம் ஒரகடத்திலும் வாகனச் சோதனைத் தடங்கள் கொண்ட ஆராய்ச்சி மையம் உள்ளது; கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் சூழ்ந்துள்ளன. நாளை இங்கொரு இராட்டினம் எழுமானால், அதற்கு இவ்வட்டாரத் தொழிலாளரின் கைத்திறனும் பொறியியல் அறிவும் துணைநிற்கட்டும். அவ்வாறு பெறும் புகழ் இரவலாக இராது; உரிமக் காலம் முடிந்ததும் மறையாது.