கரையில் கிடந்த படகு



நான் குருநகரில் பிறந்தவள். 1986ஆம் ஆண்டில் ஒருநாள் கடலுக்குப் போன ஐயா திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வளவில் கவிழ்த்து வைத்திருந்த சிறிய வள்ளத்தை அதன்பின் அம்மா தொடவுமில்லை, விற்கவுமில்லை. 1995 இடப்பெயர்வின்போது அதை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினோம். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் புல் மட்டுமே இருந்தது. அதற்குப் பிறகு நான் எந்தப் படகிலும் ஏறியதில்லை.

இப்போது மகளோடு நோர்வேயின் தென்கரையில் உள்ள ரீசோர் என்ற சிறு பட்டினத்தில் வாழ்கிறேன். வெள்ளை நிற மரவீடுகள் நிறைந்த ஊர் இது. 1861இல் ஏற்பட்ட பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோக, மக்கள் மீண்டும் கட்டியெழுப்பினார்கள். மரப்படகு விழாவுக்கும் பெயர் பெற்ற ஊர். ஆனாலும் பல வருடங்களாக நான் துறைமுகப் பக்கம் போகாமல் மேல் வீதியால்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் வயதான அம்மையார் ஒருவர் தனியாக இருக்கிறார். இங்கே பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். எனக்கு அதற்கு நா வராது, "அம்மா" என்பேன். மகள் "அம்மம்மா" என்பாள். அவருடைய கணவர் இறந்தபின் அவரது பாய்ப்படகு ஐந்து மாரிகாலம் தறப்பாளின் கீழ் கரையிலேயே கிடந்தது. "பார்க்க மனமில்லை. வெட்டி எரிக்கச் சொல்லப் போகிறேன்" என்றார் ஒருநாள். அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. எங்கள் வளவில் கிடந்த வள்ளம்தான் கண்முன் வந்தது. "எரிக்க வேண்டாம் அம்மா, நான் பார்க்கிறேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அது 'மக்கள் படகு' என்று அழைக்கப்படும் வகை. சாதாரண குடும்பங்களுக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்று 1942ஆம் ஆண்டில் சுவீடனில் வடிவமைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 25 அடி. மொத்த நிறையில் ஏறக்குறையப் பாதி, அடியில் பொருத்திய இரும்பு. அதனால் காற்றில் சரிந்தாலும் நிமிர்ந்துவிடும். ஒரு பலகையின் விளிம்பு மற்றப் பலகையின் மேல் ஏறி நிற்கும்படி செம்பு ஆணி அடித்துக் கட்டியிருந்தார்கள்.

ஏப்ரல் மாதம் பனி கரைந்ததும் வேலையைத் தொடங்கினோம். தறப்பாள் கிழிந்த இடத்தால் மழைநீர் உள்ளே தேங்கியிருந்தது. உப்புத்தண்ணீர் மரத்தை அவ்வளவாகக் கெடுக்காது. தேங்கும் மழைநீர்தான் உக்க வைக்கும் என்று அம்மையார் சொன்னார். நீரை அள்ளி ஊற்றி, உள்ளே காற்றோட விட்டோம். பிறகு சிறு கத்தியின் நுனியால் ஒவ்வொரு பலகையையும் குத்திப் பார்த்தோம். நல்ல மரத்தில் கத்தி இறங்காது. உக்கிய மரத்தில் இலகுவாக இறங்கும். இரண்டு இடங்களில் இறங்கியது. ஊர்த் தச்சர் ஒருவர் அந்தத் துண்டுகளை வெட்டி எடுத்துப் புதிய மரம் பொருத்தித் தந்தார்.

பழைய தீந்தையில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே முகமூடியும் கையுறையும் போட்டு, தூசு பறக்காதபடி நனைத்துத் தேய்த்தோம். காய்ந்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினோம். நீருக்கு மேலே வெள்ளைத் தீந்தை, நீருக்குக் கீழே பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க வேறு தீந்தை. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் இழை அறுந்திருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தோம். அறுந்த இழை துணியில் மாட்டும். ஒரு கம்பியை மாற்ற வேண்டியிருந்தது.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது கோபித்தார். "பொம்பிளையள் வள்ளத்திலை ஏறப்படாது. கடல் எங்களிட்டை எடுத்தது காணாதோ பிள்ளை?" என்று கேட்டு வைத்துவிட்டார். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே எடுத்தார். "பாய் எப்பிடி இருக்கு?" என்றார். துணி பரவாயில்லை, தையல்தான் விடுகிறது என்றேன். "வெயில் முதலிலை நூலைத்தான் தின்னும். பழைய தையலுக்குப் பக்கத்திலை இன்னொரு தையல் போடு. மூலையளுக்கு மேல்துண்டு வைச்சுத் தை" என்றார். ஐயாவின் பாயைத் தைத்த கை அவருடையது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். முப்பது வருடங்களுக்கு மேலாக அவர் அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

இந்த நாட்டுக்கும் எங்கள் கரைக்கும் படகால் ஏற்பட்ட உறவு பழையது. 1956இல் நோர்வேக்கு வந்த யாழ்ப்பாணத்தவரான அந்தனி இராஜேந்திரம், நோர்வே நண்பர்களோடு சேர்ந்து 1967இல் தொடங்கியதுதான் 'சீநோர்'. காரைநகரில் கண்ணாடியிழைப் படகுகளும் குருநகரில் வலைகளும் செய்தார்கள். இதை அம்மையாருக்குச் சொன்னபோது, "அப்படியானால் நீ கடனைத் திருப்பித் தருகிறாய்" என்று சிரித்தார்.

மே மாத இறுதியில் படகைப் பாரந்தூக்கியால் நீரில் இறக்கினோம். இறக்கியதும் பலகை இடுக்குகளால் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடும் வீணாகிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மையார் பதறவில்லை. "மரம் காய்ந்து சுருங்கிப் போயிருக்கிறது. தண்ணீர் குடித்து ஊறினால் இடுக்குகள் தானாக மூடும். தாழவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்" என்றார். பட்டிகளில் தொங்கவிட்டபடியே இரவும் பகலும் முறைவைத்துத் தண்ணீரை இறைத்தோம். இரண்டாம் நாள் குறைந்தது. மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு கோப்பைத் தண்ணீர்தான் இருந்தது.

அன்று மாலை மூவரும் உயிர்காப்பு அங்கி அணிந்து ஏறினோம். மகள் சுக்கான் பிடித்தாள். அம்மையார் கணவரின் தொப்பியை அணிந்திருந்தார். நான் அணியத்தின் பக்கம் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்தபடி இருந்தேன். பாயில் காற்றுப் பிடித்ததும் ஐயாவின் நினைவு வந்தது. அழுதேன். ஆனால் இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூலைத்தையல் வடிவாய் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் போனவர் விட்டுச்சென்ற ஏதாவதொன்று மூடிக் கிடக்கலாம். ஒரு தையல் இயந்திரம், ஒரு தறி, ஒரு துவிச்சக்கர வண்டி. திறக்க மனம் வரும் நாளில் திறவுங்கள். முதல் நாள் ஒழுகத்தான் செய்யும். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு இறைத்துக்கொண்டே இருங்கள்.