பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

அடைக்கலம் தேடி – 9

மியான்மரின் ரக்கைன் மாநிலத்தில், வங்கதேச எல்லையை ஒட்டிய மௌங்டோ வட்டாரத்து ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை அதிகாரிகள் வீடு வீடாக வருவது வழக்கமாக இருந்தது. கையில் குடும்பப் பட்டியல் இருக்கும், கூடவே கேமராவும். வீட்டில் உள்ள எல்லோரும் வாசலில் வந்து நிற்க வேண்டும். பெயர்கள் வாசிக்கப்படும். அன்றைக்கு வெளியூரில் மாட்டிக்கொண்டவரின் பெயர் அடிபட்டுப் போகும். பிறகு அவர் சொந்த வீட்டுக்குத் திரும்புவதே குற்றமாகிவிடும். வாசலில் இந்தக் கணக்கெடுப்பு நடக்கும்போது சில வீடுகளில் ஒன்றிரண்டு பிள்ளைகள் பின்கட்டிலோ அண்டை ஊரிலோ ஒளிந்திருப்பார்கள். அவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது.

அந்த ஊர்களில் வாழ்ந்த ரோஹிங்கியா முஸ்லிம்கள் திருமணம் செய்துகொள்ள அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று 1990களிலேயே விதி வந்துவிட்டது. அனுமதிக்கு மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையூட்டும் கொடுக்க வேண்டும். 2005இல் மௌங்டோ நிர்வாகம் இன்னொன்றையும் சேர்த்தது: இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கூடாது. அனுமதியில்லாத் திருமணத்தில் பிறந்த குழந்தையையும், மூன்றாவதாகப் பிறந்த குழந்தையையும் பதிய முடியாது. சில குடும்பங்கள் அப்படிப் பிறந்த பிள்ளையைத் தாத்தா பாட்டியின் பிள்ளையாக எழுதிவைத்தன. காகிதத்தில் பெற்ற தாயே அக்காவாகிப் போனாள். அதற்கும் வழியில்லாத வீடுகளில் பிள்ளை கணக்கில் வராமலேயே வளர்ந்தது. பள்ளிக்கூடம், அடுத்த ஊருக்குப் போகும் அனுமதிச் சீட்டு, நாளைய திருமணம் என எதைக் கேட்டாலும் முதலில் பட்டியலைத்தான் புரட்டுவார்கள்.

சென்ற வாரம் சிரியாவிலிருந்து ஜோர்டானுக்குப் போன பிள்ளைகளைப் பார்த்தோம். வீடு இடிந்தாலும், தங்களை சிரியாவின் குடிமக்கள் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு காகிதம் இருந்தது. ரோஹிங்கியாப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியில் வந்த 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனங்களுக்குத்தான் முழுக் குடியுரிமை என்றது. அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களில் ரோஹிங்கியா கிடையாது. 1989இல் புதிய அட்டை தருகிறோம் என்று சொல்லிப் பழைய அடையாள அட்டைகளைத் திரும்ப வாங்கினார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்குப் புதியது வரவேயில்லை. 1995இலிருந்து வெள்ளை நிறத்தில் ஒரு தற்காலிக அட்டை கிடைத்தது. 2015இல் அதுவும் செல்லாது என்றாகிவிட்டது. இதற்கிடையே 1990களின் நடுவிலிருந்து அவர்களின் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பதும் நின்றுபோயிருந்தது.

ஒரு மக்கள் கூட்டத்தை அழிக்க வேண்டுமென்று முடிவெடுத்தவர்கள் துப்பாக்கியைத் தூக்குவதற்கு வெகுகாலம் முன்பே பேனாவை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு இந்த விவகாரத்தில் மிகுந்த கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு தலைமுறைக்கு மேலாக, பட்டப்பகலில், அரசாங்க முத்திரையோடு இது நடந்தது. அண்டை நாடுகள் எல்லாவற்றுக்கும் தெரிந்தே நடந்தது.

ஓட்டமும் புதிதல்ல. 1978இல் நாகமின் என்ற பெயரில் ராணுவமும் குடியேற்ற அதிகாரிகளும் நடத்திய சோதனை வேட்டைக்கு அஞ்சி 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்குள் ஓடினார்கள். அங்கே உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டது. முகாம்களில் சுமார் 10,000 பேர் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரை அடுத்த ஆண்டு முடிவதற்குள் திருப்பி அனுப்பினார்கள். 1991-92இல் மறுபடியும் 2.5 லட்சம் பேர். அவர்களிலும் பெரும்பகுதியினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாட்டி, அம்மா, பேத்தி என மூன்று தலைமுறையும் பிள்ளைப் பருவத்திலோ இளமையிலோ அதே ஆற்றைக் கடந்து ஓடிய குடும்பங்கள் இன்றைக்கு முகாமில் இருக்கின்றன.

அந்த ஆறு நாஃப். 2017 ஆகஸ்ட் 25 அன்று ஆர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக் குழு சுமார் 30 காவல் சாவடிகளையும் ஒரு ராணுவ முகாமையும் தாக்கியது. அதற்கு ராணுவம் ஊர் ஊராகப் பழிதீர்த்தது. ஆகஸ்ட் 30 அன்று துலாதொலி என்ற கிராமத்தில் மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த மணல்திட்டில் மாட்டிக்கொண்டவர்களை, தப்ப இடமில்லாமல் கொன்றார்கள். குழந்தைகளையும் விடவில்லை. முதல் ஒரு மாதத்தில் மட்டும் குறைந்தது 6,700 பேர் வன்முறையில் இறந்தார்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முகாம்களில் ஆய்வு நடத்திக் கணக்கிட்டது. அவர்களில் குறைந்தது 730 பேர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள்.

உயிர் தப்பியவர்கள் காட்டுவழியாகவும் வயல் வரப்பு வழியாகவும் நாள்கணக்கில் நடந்தார்கள். நடக்க முடியாத தாய் தகப்பனைக் கூடையில் உட்கார வைத்து, மூங்கில் கழியில் கட்டி, இரண்டு மகன்கள் காவடி தூக்குவதுபோலத் தோளில் சுமந்து வந்தார்கள். எல்லையோரப் பாதைகளில் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். ஆற்றங்கரைக்கு வந்தால் படகுக்காரர்கள் ஆளுக்குப் பல ஆயிரம் டாக்கா கேட்டார்கள். பணமில்லாத பெண்கள் காதில் மூக்கில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். படகே கிடைக்காத இளைஞர்கள் சமையல் எண்ணெய் வரும் மஞ்சள் பிளாஸ்டிக் கேன்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீந்தினார்கள். அளவுக்கு மீறி ஏற்றிய படகுகள் கவிழ்ந்தபோது கரை ஒதுங்கியவற்றில் பெரும்பாலும் சின்ன உடல்கள். சில மாதங்களுக்குள் கரையேறியவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிள்ளைகள்.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்து மக்கள் முதல் சில வாரங்களில் செய்ததை மறக்கக்கூடாது. உக்கியாவிலும் டெக்நாஃபிலும் சாதாரணக் குடும்பங்கள் சோறு வடித்துக் கொண்டுபோய்ச் சாலையோரத்தில் கொடுத்தன. முற்றத்திலும் வயலிலும் இடம் விட்டன. குடுபாலாங்கில் காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்து, மழையில் வழுக்கும் செம்மண் குன்றுகளில் மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். உலகத்தின் மிகப் பெரிய அகதி முகாம் கண்முன்னே எழும்பியது. அந்தக் காடு யானைகளின் வழித்தடம். ராத்திரியில் பழைய பாதையைத் தேடி வந்த யானைகள் குடிசைகளை மிதித்துச் சிலரைக் கொன்றன.

கூட்ட நெரிசலில் பிள்ளைகள் தொலைந்தார்கள். 1990களிலேயே அகதியாக வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒருவர், மைக்கையும் ஒலிபெருக்கியையும் வைத்துக்கொண்டு ஒரு சிறு கொட்டகையில் உட்கார்ந்தார். வழி தவறிய பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால், அதன் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப் பெயர், போட்டிருக்கும் சட்டையின் நிறம் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப அறிவிப்பார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அந்தக் குரலால் பெற்றோரிடம் சேர்ந்தார்கள். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் பாவம், அம்மா பெயரைக் கேட்டால் ‘அம்மா’ என்பதற்கு மேல் சொல்லத் தெரியாதவர்கள். அவர்களுக்குச் சட்டை நிறம் ஒன்றுதான் அடையாளம்.

2017 டிசம்பரில் முகாமில் தொண்டை அடைப்பான் பரவியது. தடுப்பூசியால் உலகின் பெரும்பகுதியில் ஒடுங்கிப்போன நோய் அது. உதவிக்கு வந்த மருத்துவர்கள் பலர் அதைப் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோரைப் பிடித்த அந்த நோய், அதிகமும் பிள்ளைகளையே பிடித்தது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பிறந்த ஊரில் அவர்களில் பெரும்பாலோருக்குத் தடுப்பூசி போடவே இல்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியில்கூட அனுமதிச் சீட்டு கேட்ட நாடு அது.

இந்த நேரத்தில் முகாமுக்குள் வேறொரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. முஹிப் உல்லா என்பவர், முன்பு ஆசிரியராக இருந்தவர், தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார். உங்கள் ஊரில் யார் யார் செத்தார்கள், என்ன வயது, தகப்பன் பெயர் என்ன, எப்படிச் செத்தார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதினார்கள். ஊர்வாரியாகச் சேர்ந்த பெயர்கள் 10,000ஐத் தாண்டின. உயிரோடு இருந்தபோது அரசாங்கம் பதிய மறுத்த பிள்ளைகளின் பெயர்கள் செத்த பிறகு, சொந்த மக்களின் கையெழுத்தில் பதிவாயின. 2019இல் அவர் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் பேசினார். அதே ஆண்டு வெள்ளை மாளிகைக்கும் போனார். அந்த நவம்பரில் காம்பியா என்ற சிறிய ஆப்பிரிக்க நாடு மியான்மர் மீது இனப்படுகொலை வழக்கைச் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்தது. 2021 செப்டம்பர் 29 அன்று ஆயுததாரிகள் முஹிப் உல்லாவை முகாமிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

இனி பள்ளிக்கூடம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வங்கதேசம் இவர்களைத் தற்காலிக விருந்தாளிகளாகவே கருதியது. வங்காள மொழியில் படித்தால், வங்கதேசப் பாடத்திட்டத்தில் தேறினால் இங்கேயே வேர்விட்டுவிடுவார்கள் என்று அரசு அஞ்சியது. அதனால் முறையான பள்ளிக்கூடம் கூடாது. யூனிசெஃப் போன்ற அமைப்புகள் நடத்தும் கற்றல் மையம் மட்டும் போதும் என்றது. கற்றல் மையம் என்பது ஒற்றை மூங்கில் அறை. பிள்ளைகள் முறை வைத்து வருவார்கள். ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம். உள்ளூர் ஆசிரியர் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தருவார், ரோஹிங்கியா ஆசிரியர் பர்மிய மொழி சொல்லித்தருவார். வகுப்பு ஏற்றம், தேர்வு, சான்றிதழ் எதுவும் இருக்கவில்லை. 2019இல், வெளியே உள்ளூர்ப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த ரோஹிங்கியாப் பிள்ளைகளையும் தேடிப்பிடித்து நீக்கினார்கள்.

2020 ஜனவரியில் அரசு இறங்கிவந்து மியான்மர் பாடத்திட்டத்துக்கு ஒப்புக்கொண்டது. கொரோனா குறுக்கே வந்தது. 2021 இறுதியில்தான் 10,000 பிள்ளைகளோடு அது தொடங்கியது. கணக்குப் பாருங்கள்: ஆறு வயதில் ஆற்றைக் கடந்த பிள்ளைக்கு அப்போது பத்து வயது. அதே டிசம்பரில் ரோஹிங்கியாக்கள் தாங்களே நடத்திவந்த பள்ளிகளுக்குத் தடை வந்தது. படித்த அகதி இளைஞர்கள் தார்ப்பாய்க்கு அடியில் மேல்வகுப்புப் பாடம் நடத்திய இடங்கள் அவை. அவற்றையும் மூடிவிட்டார்கள்.

பத்து லட்சம் பேருக்கு இடம் கொடுத்திருக்கும் ஒரு நெருக்கடியான நாட்டைக் குறைசொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. இந்தியா உட்பட வசதி படைத்த அண்டை நாடுகள் அதில் ஒரு சிறு பங்கைத்தான் ஏற்றிருக்கின்றன. ஆனாலும் இது தவறு. எழுத்தறிவு கொடுத்தால் தங்கிவிடுவார்கள் என்று பயந்து ஒரு தலைமுறையைப் படிக்காமல் வைத்தால், அந்தப் பிள்ளைகள் திரும்பிப்போகவும் தகுதியற்றவர்களாகி நிற்பார்கள்.

வேறு விதமாகவும் நடக்க முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்பு மையக் கட்டடத்தில் பல ஆண்டுகளாகச் சில ரோஹிங்கியாக் குடும்பங்கள் வாழ்கின்றன. பழைய பொருள்களைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள். வாழ்க்கை சுகமானது என்று சொல்ல மாட்டேன். குடியுரிமைக் கேள்வி அங்கேயும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போனார்கள், ‘அ’னா ‘ஆ’வன்னா எழுதினார்கள், பெற்றோருக்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும் அளவுக்குத் தேறினார்கள். தமிழ்நாட்டுக்கு இதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

குடுபாலாங்கில் நிலைமை மேலும் மோசமாகியிருக்கிறது. 2023இல் உலக உணவுத் திட்டம் பணமில்லாமல் மாதப் பங்கீட்டை ஆளுக்கு 12 டாலரிலிருந்து முதலில் 10 ஆகவும், பிறகு 8 ஆகவும் குறைத்தது. பின்னர் கூட்டினார்கள் என்றாலும் அந்த மாதங்களில் வளர வேண்டிய குழந்தையின் உடம்பு அதுவரை காத்திருக்காது. 2024இலிருந்து மியான்மர் ராணுவத்துக்கும் ரக்கைன் இன ஆயுதக் குழுவான அரக்கான் படைக்கும் ரக்கைனில் நடக்கும் போரில் சிக்கி, ஒன்றரை ஆண்டுக்குள் இன்னும் சுமார் 1.5 லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். 2025 ஜூனில் நன்கொடை வற்றி, ஆயிரக்கணக்கான கற்றல் மையங்கள் மூடப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள்.

பள்ளியும் இல்லை, வேலை செய்யச் சட்டமும் இடம் தராது என்னும்போது தலால் எனப்படும் ஆள்கடத்தல் தரகன் வந்து கதவைத் தட்டுகிறான். மலேசியாவில் வேலை என்கிறான். பெண் பிள்ளை இருந்தால் அங்கே மாப்பிள்ளை தயார் என்கிறான். மழை ஓய்ந்து கடல் அடங்கியதும் டெக்நாஃப் பக்கத்திலிருந்து மரப்படகுகள் கிளம்புகின்றன. 2023இல் மட்டும் சுமார் 4,500 ரோஹிங்கியாக்கள் கடலேறினார்கள். அவர்களில் 569 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். கிளம்பியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்களும் பிள்ளைகளும்.

2020 ஜூனில் அப்படி ஒரு படகு இந்தோனேசியாவின் ஆச்சே கரைக்கு அருகில் பழுதாகி மிதந்தது. உள்ளே ஏறத்தாழ நூறு பேர், அவர்களில் பலர் குழந்தைகள். அதிகாரிகள் கரையேற்றத் தயங்கினார்கள். லஞ்சோக் கடற்கரையின் மீனவர்கள் காத்திருக்காமல் தங்கள் படகுகளில் போய் அவர்களைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். மூன்றரை ஆண்டு கழித்து, அதே ஆச்சேயில் கல்லூரி மாணவர்கள் கூட்டமாக, அகதிகள் தங்கியிருந்த ஓர் அரங்குக்குள் புகுந்து, அழுதுகொண்டிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் வெளியேற்றினார்கள். இடையில் அந்தக் கரையில் என்ன மாறியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)