மஞ்சள் பையும் இணையதளமும்

மேகாலயாவின் ஜெயந்தியா மலைப்பகுதியில் மஞ்சள் பயிரிட்டு அரைத்து விற்கும் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்கு, வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் நால்வர் புதிய உறையும் இணையதளமும் உருவாக்கித் தந்தார்கள். அது அவர்களுடைய இறுதிப் பருவச் செயல்திட்டம். குழுவுக்குக் கடன் வழங்கிய வங்கி என்ற முறையில் மதிப்பீட்டு நாளன்று எங்களையும் அழைத்திருந்தார்கள். மதிப்பெண் இடும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆனால் கடன் தொகையில் ஒரு பகுதி அச்சுக்கூடத்துக்குச் செல்லவிருந்ததால், கவலைப்படும் உரிமை இருந்தது.

லகடாங் என்னும் இம்மஞ்சள் வகை 2024ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இதைப் பரப்பியமைக்காக டிரினிட்டி சயூ என்ற ஆசிரியைக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டதை வாசகர்கள் சிலர் நினைவுகூரக்கூடும். சாதாரண வகைகள் பலவற்றில் 3 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் குர்குமின் என்னும் நிறமிச் சத்து, இதில் ஏறத்தாழ 7 விழுக்காடு உள்ளது. எனினும் தூளாக்கிவிட்டால் இந்த வேறுபாடு கடையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாது. விலை ஏன் கூடுதல் என்பதை உறைதான் சொல்லியாக வேண்டும். உறையில் இடம் போதாதபோது இணையதளம் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் முதலில் கொணர்ந்த உறை ஆறு வண்ணங்களில் மிளிர்ந்தது. நெகிழ் பைகளைப் பெருமளவில் அச்சிடும் முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியே செதுக்கிய உருளை தேவை. ஆறு வண்ணமென்றால் ஆறு உருளைகள். உருளைக்கான செலவு முன்கூட்டியே வந்துவிடுவதால் சில நூறு பைகள் மட்டும் அச்சிடுவது கட்டுப்படியாகாது. பின்னர் ஒரு சொல்லை மாற்ற நேர்ந்தாலும் அந்த வண்ணத்துக்குரிய உருளையைப் புதிதாகச் செதுக்க வேண்டும். கணக்கைக் குழுவின் பொருளாளர் போட்டுக் காட்டியதும், எதுவும் அச்சிடாத ஆயத்தப் பையும் அதன்மேல் இருவண்ண ஒட்டுச்சீட்டும் போதுமென முடிவாயிற்று. ஆசிரியர்களுக்கு இதில் சற்று ஏமாற்றம்தான். எங்களுக்கோ அன்றைய தினத்தின் சிறந்த வடிவமைப்பு முடிவு அதுவே எனத் தோன்றியது.

எதை ஒட்டுச்சீட்டில் வைப்பது, எதை இணையதளத்துக்கு அனுப்புவது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. சட்டமே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளின்படி, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்சச் சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியன உறையில் இடம்பெற வேண்டும். 2018 சனவரி முதல் இணையவழி விற்பனைப் பக்கத்திலும் இவ்விவரங்களைக் காட்டியாக வேண்டும். தயாரித்த மாதமும் ஆண்டும் மட்டும் விலக்கு. காரணம் எளிது. அந்த மாதம் கையிலிருக்கும் பைக்கு உரியது; திரையில் தெரியும் படமோ எல்லாப் பைகளுக்கும் பொதுவானது. மாணவர்கள் இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் சைவப் பொருளுக்கான பச்சைப் புள்ளியும் சீட்டில் அமர்ந்தன. விளைந்த நிலம், அறுவடைப் பருவம், சமையல் குறிப்புகள், அவ்வப்போதைய இருப்பு நிலவரம் ஆகியவை இணையதளத்துக்குச் சென்றன.

புவிசார் குறியீட்டு முத்திரையை எல்லோரும் ஆசையோடு சீட்டின் நடுவில் வைத்திருந்தார்கள். ஊரில் விளைந்தது என்பதாலேயே அதைப் பயன்படுத்திவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு பெற வேண்டும். பதிவு கிடைக்கும்வரை அவ்விடம் வெறுமையாக விடப்பட்டது.

சீட்டின் ஓரத்தில் இரண்டு கியூஆர் குறியீடுகள் இருந்தன. ஒன்று இணையதளத்துக்கு, மற்றொன்று குழுவின் கணக்குக்குப் பணம் செலுத்த. இங்குதான் நாங்கள் குறுக்கிட்டோம். 1994இல் ஜப்பானில் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கிய இக்குறியீட்டை, மனிதக் கண் வாசிக்க இயலாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்வையால் உணரவும் வழியில்லை. கடைதோறும் செல்லும் பையில் பணக் குறியீடு இருந்தால், அதன்மேல் வேறொருவர் தம்முடைய குறியீட்டை ஒட்டிவிடலாம். செய்முறை வாசிக்க விரும்பும் வாடிக்கையாளர் தவறிப் பணப் பக்கத்துக்கும் போகலாம். பணக் குறியீடு நீக்கப்பட்டது. வாசகர்களும் ஒன்றை மனத்தில் கொள்ளலாம்: பணம் பெறுவதற்கு எந்தக் குறியீட்டையும் ஸ்கேன் செய்யவோ யுபிஐ இரகசிய எண்ணை இடவோ தேவையில்லை. அவை பணம் செலுத்துவதற்கு மட்டுமே.

இவ்வளவு கவனித்தும் ஒன்று எல்லோர் கண்ணுக்கும் தப்பியது, எங்கள் கண்ணுக்கும்தான். இணைய முகவரியை மாணவி ஒருவர் தம் பெயரில், தம் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து, ஓராண்டுக்குப் பதிவு செய்திருந்தார். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, ஊர் மாறியது. புதுப்பிக்கும்படி வந்த அறிவிப்புகள் அவர் திறந்து பாராத அஞ்சல்பெட்டியில் தங்கிவிட்டன. ஒருநாள் கொல்கத்தாவிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் குழுவைத் தொலைபேசியில் அழைத்து, குறியீட்டை ஸ்கேன் செய்தால் வெற்றுப் பக்கம் வருகிறதே என்று கேட்டபோதுதான் செய்தி தெரிந்தது.

அச்சிட்ட சீட்டுகளில் பாதிக்குமேல் அப்போது கையிருப்பில் இருந்தன. அவற்றைவிடப் பெரிய அச்சம் வேறொன்று. காலாவதியான முகவரி, அவகாசக் காலமும் கடந்தால், எவரும் வாங்கக்கூடியதாகிவிடும். வாங்கியவர் அங்கே போலிக் கடையைத் திறந்து வைத்தால், ஏற்கெனவே விற்ற பைகள் அத்தனையும் வாடிக்கையாளரை அவரிடமே கொண்டுசேர்க்கும். நல்வாய்ப்பாக அவகாசக் காலம் முடியவில்லை. மாணவியைத் தேடிப் பிடிக்க நான்கு நாட்கள் ஆயின. மிகுந்த வருத்தத்தோடு அவர் அன்றிரவே முகவரியை மீட்டுக் குழுவின் பெயருக்கு மாற்றித் தந்தார்.

இணைய முகவரியை ஒரே தவணையில் 10 ஆண்டுகள்வரை பதிவு செய்ய இயலும். குழுவினர் 5 ஆண்டுகளுக்குச் செலுத்தினார்கள். அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய நாளைப் பொருளாளர் கணக்கேட்டின் முதல் பக்கத்தில், எங்கள் கடன் தவணைத் தேதிக்கு நேர் கீழே, சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.