துண்டு வெட்டிய பிறகு

கொழும்பு–புத்தளம் ஏ3 வீதி மதுரங்குளியை ஊடறுத்துப் போகிறது. மோட்டார் சைக்கிளிலோ தென்னையிலோ இருந்து விழுந்து தலையில் அடிபட்டால் முதலில் புத்தளம் அல்லது சிலாபம் ஆஸ்பத்திரி. மூளையில் சத்திரசிகிச்சை வேண்டுமென்றால் கொழும்பு போலத் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. உயிர் தப்பிவிட்டால் சில வாரங்களில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூளை தேறுவதற்கோ மாதங்கள், சிலருக்கு வருடங்கள். அத்தனை காலமும் கூட இருப்பது உம்மாவும் மனைவியும் நானாவும்தான்.

அவர்கள் செய்வது சிகிச்சையின் ஒரு பங்கு. அமெரிக்காவில் திரேசா பேப்பின் குழு, தலையில் பலத்த அடிபட்டு நினைவு சரியாகத் திரும்பாத 15 பேரிடம் செய்த ஆய்வை 2015இல் வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு, பழைய குடும்பச் சம்பவங்களை வீட்டாரே சொல்லும் ஒலிப்பதிவை நாளுக்கு 4 தடவை, 6 வாரம் கேட்கவைத்தார்கள். மற்றவர்களுக்கு ஒலியில்லாத பதிவு. குரலைக் கேட்டவர்களே கூடுதலாகத் தேறினார்கள். 15 பேர் சிறிய தொகைதான். கோமாவில் கிடக்கும் எல்லோரையும் வீட்டாரின் குரல் எழுப்பிவிடாது. ஆனாலும், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். காசு போகாது.

செத்த நரம்புக் கலங்கள் பெரும்பாலும் மீள்வதில்லை. எஞ்சியவை தமக்குள் புதிய இணைப்புகளைப் போட்டுக்கொள்கின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அவை பலப்படுகின்றன. வுழூச் செய்வது, சாரம் உடுப்பது, பிளேன்டீக்குச் சீனி போட்டுக் கலக்குவது எல்லாமே பயிற்சி. பாவம் என்று எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தால் அந்தப் பயிற்சி கிடைக்காது. பொறுத்திருந்து, அவரையே செய்யவிட வேண்டும்.

வீட்டாரே பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா என்பதைப் பிரேசிலில் லூசியா பிராகா குழுவினர், மூளையில் அடிபட்ட 5 முதல் 12 வயது வரையான 87 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். வீட்டாருக்குப் பழக்கிக்கொடுத்து, அவர்கள் வழியாகப் பயிற்சி பெற்ற பிள்ளைகள், நிபுணர்களிடம் நேரடியாகப் பயிற்சி பெற்றவர்களைவிட நன்றாகத் தேறியதாக 2005இல் எழுதினார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிட முடியாது. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில், பக்கவாதம் வந்த 1250 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2017இல் லான்செட்டில் வந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்தும், 6 மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான கவனிப்பைவிடப் பலன் கூடவில்லை. பக்கவாதம் வேறு, அடிபட்ட மூளை வேறு; பெரியவர் வேறு, பிள்ளை வேறு. என்றாலும் பிசியோதெரபிஸ்ட் செய்யவேண்டிய வேலையைப் பாசம் மட்டும் செய்துவிடும் என்று நம்ப நான் தயாரில்லை.

வீட்டாரை மிகவும் உடைப்பது கைகால் வராதது அல்ல, குணம் மாறுவது. கோபத்தை அடக்குவதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்குண்டு. அங்கே அடிபட்டால் சாதுவாக இருந்தவர் கோப்பையை எறிவார், பிள்ளைகளை ஏசுவார், அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். அயலார் ஜின் என்பார்கள், மனைவி தன் மேல் வெறுப்போ என்று அழுவாள். இரண்டுமில்லை; அது காயத்தின் வேலை. வாதாடாமல் ரேடியோவை நிற்பாட்டி, ஆட்களைக் குறைத்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொன்னால் பல தடவை அடங்கும். அடிக்க வந்தால் விலகிப்போய் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் துண்டு வெட்டும் முன்பே வாட்டில் யாராவது உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: என்ன பயிற்சி, எத்தனை தடவை, அடுத்த கிளினிக் எப்போது, ராகமை புனர்வாழ்வு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவீர்களா? வலிப்பு வந்தாலோ, தலையிடி கூடி வாந்தி வந்தாலோ கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரவில் பார்த்துக்கொள்வதை நானாவும் தங்கச்சியும் முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டால் அந்த மனைவிக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும்.