தானியத்தில் தங்கும் பூஞ்சை நஞ்சு

தானியத்தின் மேல் படரும் பூஞ்சைகளில் சில நஞ்சைச் சுரக்கின்றன. அவற்றுள் மிகக் கொடியது அஃப்ளாடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் முதலான பூஞ்சைகள் இதை உண்டாக்குகின்றன. அரிசி, சோளம் போன்றவற்றிலும் இது வரலாம். ஆனால் மக்காச்சோளமும் நிலக்கடலையும்தான் இதற்கு எளிதில் இரையாகின்றன.

கதிர் முற்றும் பருவத்தில் வறட்சி வாட்டினால் பூஞ்சை வயலிலேயே நுழைந்துவிடும். புழு துளைத்த மணி அதற்குத் திறந்த வாசல். அறுவடை நேரத்து மழையில் நனைந்த கதிர் காயாமல் குவிந்து கிடந்தால் நஞ்சு பன்மடங்கு பெருகும்.

1974: இரண்டு மாவட்டங்களின் துயரம்

1974 இறுதியில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மழை பருவம் தப்பிப் பெய்தது. நனைந்த மக்காச்சோளத்தை ஏழைப் பழங்குடிக் குடும்பங்கள் அப்படியே சேமித்து வைத்தன. வேறு தானியம் வாங்க வழியில்லாததால் அதையே வாரக்கணக்கில் உண்டன. காய்ச்சல், மஞ்சள் காமாலை, விரைவாக நீர் கோத்து வீங்கிய வயிறு எனத் தொடங்கிய நோய் 397 பேரைத் தாக்கியது. 106 பேர் இறந்தனர். அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் வயிறு வீங்கிச் செத்தன. தொற்றுநோய் அல்ல, உணவுதான் காரணம் என்பதற்கு அது தெளிவான தடயம்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் அந்தத் தானியத்தில் கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்ததைக் கண்டறிந்தனர். இன்று இந்தியாவில் உணவுத் தானியத்துக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வரை நஞ்சு அந்த மக்களின் அன்றாட உணவில் இருந்திருக்கிறது. 2004இல் கென்யாவிலும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தால் 125 பேர் இறந்தனர்.

சிறுகச் சிறுகச் சேரும் தீங்கு

இத்தகைய கூட்டுச் சாவுகள் அரிது. சிறிய அளவில் ஆண்டுக்கணக்கில் உட்கொள்வதே பரவலான ஆபத்து. அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட உண்மை. ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், டோகோ நாடுகளில், தாய்ப்பாலை விட்டு மக்காச்சோளக் கஞ்சிக்கு மாறிய குழந்தைகளின் இரத்தத்தில் இந்த நஞ்சின் சுவடு மிகுந்திருந்தது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் அது இன்னும் கூடுதலாகக் காணப்பட்டது.

மாட்டுக்குப் போவது பாலில் திரும்பும்

வீட்டுக்கு ஆகாத, பூஞ்சை பிடித்த தானியத்தையும் பிண்ணாக்கையும் மாட்டுக்குப் போடும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும். மாடு தின்ற நஞ்சு, அஃப்ளாடாக்சின் எம்1 என்னும் வடிவில் பாலில் இறங்குகிறது. 2018இல் நாடு முழுவதும் நடந்த பால் தர ஆய்வில் 6,432 மாதிரிகளில் 368 மாதிரிகள் பாலில் இந்த நஞ்சுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பைத் தாண்டின. தமிழ்நாட்டில் மட்டும் 551இல் 88. பாலைக் காய்ச்சினாலும் இது போகாது.

சமையல் சூடு போதாது

கொதிக்க வைப்பதோ சுடுவதோ அஃப்ளாடாக்சினை முழுமையாக அழிப்பதில்லை. பூஞ்சையைத் துடைத்துவிட்டாலும் மணிக்குள் இறங்கிய நஞ்சு அங்கேயே இருக்கும். ஆகவே காப்பு முழுவதும் உலர்த்தலிலும் பொறுக்கலிலும்தான் உள்ளது. மக்காச்சோளத்தை 13 விழுக்காடு ஈரப்பதத்துக்குக் கீழே காயவைக்க வேண்டும். வெறுந்தரையில் பரப்பாமல் தார்ப்பாயில் உலர்த்துவது நல்லது. மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். முறத்தில் புடைக்கும்போது சுருங்கிய, நிறம் மாறிய, உடைந்த மணிகளை நீக்கினால் நஞ்சின் பெரும்பகுதி அவற்றோடு போய்விடும். கசக்கும் கடலையைத் துப்பிவிட வேண்டும். பொறுக்கி நீக்கியதை மாட்டுத் தொட்டியிலோ கோழித் தீவனத்திலோ கலக்காமல் குழியில் புதைக்க வேண்டும்.