கைப்பேசி கேட்கும் ‘அப்டேட்’: தள்ளிப் போடலாமா?

தோட்டத்து மக்களே! பால்வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் போகிற நம்மவர் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. சம்பளம் பேங்கில் ஏறிவிட்டதா என்று பார்ப்பதும், இ.பி.எப். பணத்தைப் பார்ப்பதும் அதில்தான். அதே கைப்பேசி ‘அப்டேட்’ அல்லது ‘கெமாஸ் கினி’ என்று கேட்டால் மட்டும், “அதைத் தொடாதீங்கண்ணே, போன் கெட்டுப் போயிடும்” என்று ஒதுக்கி விடுகிறோம். இது சரியா?

கைப்பேசியை இயக்குவது அதற்குள் எழுதி வைத்த கட்டளைகள். அதுதான் சாப்ட்வேர். வைஃபை பெட்டி, டிவி போன்ற சாமான்களின் உள்ளேயே பதித்து வைத்த கட்டளைகளை ஃபர்ம்வேர் என்பார்கள். மனிதர் எழுதியது என்பதால் பிழை இருக்கும். அது வேலியில் விழுந்த ஓட்டை மாதிரி. அதை அடைக்கக் கம்பெனி அனுப்புவதே அப்டேட். அடைப்பு வந்துவிட்டால், ஓட்டை எங்கே இருந்தது என்று திருடனும் தெரிந்து கொள்வான். தள்ளிப் போடுகிறவர் வீடுதான் அவனுக்குத் திறந்த வீடு.

2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் கணினிகளின் ஓர் ஓட்டைக்கு அடைப்பு வெளியிட்டது. இரண்டே மாதத்தில், மே 12 அன்று, ‘வன்னாகிரை’ என்ற நச்சு நிரல் அந்த ஓட்டை வழியாகவே புகுந்து, சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரி வேலைகளே முடங்கின. அடைப்பைப் போட்டிருந்த கணினிகள் தப்பின.

ஆனால் ஒன்று! அப்டேட் என்ற பெயரிலேயே ஏமாற்றுபவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் “உங்கள் பேங்க் ஆப்பை அப்டேட் செய்யுங்கள்” என்றோ, கல்யாணப் பத்திரிகை என்றோ ‘ஏபிகே’ கோப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள். உண்மையான அப்டேட் போனின் ‘செட்டிங்ஸ்’ பகுதியிலும், ஆப்களுக்கு ‘பிளே ஸ்டோர்’ போன்ற கடையிலும் கிடைக்கும்.

செய்யும் முறை எளிது. முக்கியமான படங்களை வேறிடத்தில் சேமியுங்கள். பேட்டரியை நன்றாக ஏற்றுங்கள். டேட்டா தீராமலிருக்க வைஃபையில் செய்யுங்கள். பாதியில் அணைக்காதீர்கள், ஃபர்ம்வேர் பாதியில் நின்றால் சாமானே இயங்காமல் போகலாம். கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய போனில் பேங்க் வேலை வேண்டாம்.

ஏமாந்து பணம் போனால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே பேங்குக்கும் 997 எண்ணுக்கும் கூப்பிடுங்கள்.

படிக்கும் பிள்ளைகளே, இன்றிரவே அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி போன்களைப் பார்த்துக் கொடுங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த வெள்ளி அதற்குள் இருக்கிறது.