குரலும் தாமதமும்

ஓர் அரங்கில் ஒருவர் உரையாற்றுகிறார். ஆறாவது வரிசையில் செவித்திறன் குறைந்த ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஒலிபெருக்கியின் ஓசை அவரை எட்டாமல் இல்லை. ஆனால் சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலியும் மின்விசிறிகளின் இரைச்சலும் அதனோடு கலப்பதால் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. பேச்சாளரின் ஒலிவாங்கியைக் கணினியோடு இணைத்து, அங்கிருந்து வைஃபை எனும் அருகலை வழியாக அவருடைய திறன்பேசிக்குக் குரலை அனுப்பினால், இரைச்சல் கலவாத பேச்சு நேரே அவர் காதை அடையும். இதற்கு ஒரு கணினியும் ஒரு திசைவியும் போதும். இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை.

ஆயினும், அவர் காதால் மட்டும் கேட்பவர் அல்லர்; பேச்சாளரின் இதழசைவைப் பார்த்தும் பொருள் கொள்பவர். குரல் அரை நொடி பிந்தினால், இதழ்கள் அடுத்த சொல்லுக்குச் சென்றிருக்கும். காதில் முந்தைய சொல் ஒலித்துக்கொண்டிருக்கும். உதவிக்கு வந்த கருவியே இடையூறாகிவிடும். எனவே, இத்தொழில்நுட்பத்தில் ஒலியின் தெளிவைக் காட்டிலும் கடினமான சிக்கல் தாமதமே ஆகும்.

எவ்வளவு தாமதம் பொறுக்கத்தக்கது? தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை இதற்கு ஓர் அளவைத் தருகிறது. ஒலியானது படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்போர் அதனை உணரத் தொடங்குவர். நொடியை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மில்லிநொடி. பிந்துவதை மனிதர் சற்றுக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்வதில் வியப்பில்லை. இயற்கையில் மின்னலுக்குப் பின்னரே இடி கேட்கிறது. தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமைக்கும் நேரத்தையும் கைநொடிக்கும் நேரத்தையும் அளவாகக் கூறினார். கண் ஒருமுறை இமைக்க ஏறத்தாழ 100 முதல் 400 மில்லிநொடி ஆகும். ஆக, குறில் ஒன்றை ஒலிக்கும் நேரத்திற்குள் குரல் தன் பயணத்தை முடித்தாக வேண்டும்.

அப்பயணம் ஒலிவாங்கியில் தொடங்குகிறது. அங்கு மின்னலையாக மாறும் குரலைக் கணினி நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்ட எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. இவ்வாறு நொடிக்கு 7,68,000 பிட்டுகள் சேர்கின்றன. 2012ஆம் ஆண்டு இணையத் தரமாக அறிவிக்கப்பட்ட ஓப்பஸ் என்னும் ஒலிச்சுருக்க முறை, பேச்சின் தெளிவு குன்றாமல் இதனை நொடிக்கு 32,000 பிட்டுகளாகச் சுருக்கிவிடும். சுருக்கப்பட்ட ஒலி பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, வரிசை எண் இடப்பட்ட தரவுப் பொட்டலங்களாக, நொடிக்கு ஐம்பது என்ற கணக்கில் புறப்படுகிறது.

புறப்படும்போது உள்ள சீரான இடைவெளி, சேரும்போது இருப்பதில்லை. ஒரே அலைவரிசையைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்வதால், ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். ஒரு பொட்டலம் 5 மில்லிநொடியில் வரலாம். அடுத்தது 60 மில்லிநொடி கழித்து வரலாம். வந்தவுடன் ஒலிக்கச் செய்தால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். ஆதலால் திறன்பேசி சில பொட்டலங்களைச் சேமித்து வைத்துக்கொண்டே ஒலிக்கத் தொடங்குகிறது. இச்சேமிப்பிடம் இடையகம் எனப்படும். இடையகம் பெரிதானால் பேச்சு அறுபடாது, ஆனால் பிந்தும். சிறிதானால் பிந்தாது, ஆனால் அறுபடும். இணைய வானொலி பல நொடி அளவுள்ள இடையகத்தைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்; அதன் நேயர் பாடகரின் இதழ்களைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அரங்கில் அமர்ந்திருப்பவருக்கோ அந்த வசதி இல்லை.

வழியில் தொலையும் பொட்டலத்தை என்ன செய்வது? இணையத்தளங்களைப் படிக்கப் பயன்படும் டிசிபி நெறிமுறை, தொலைந்ததை மீண்டும் கேட்டுப் பெறும்வரை பின்வருவனவற்றை நிறுத்தி வைக்கும். கடிதத்தில் ஓர் எழுத்தும் விடுபடக்கூடாது என்னும்போது இது சிறந்த முறை. நேரலைக் குரலுக்கு இது பொருந்தாது. 1980ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்ட யுடிபி நெறிமுறை அவ்வாறு காத்திருப்பதில்லை. விடுபட்ட 20 மில்லிநொடியை முன்னுள்ள ஒலியைக் கொண்டு திறன்பேசியே ஊகித்து நிரப்பிவிடும். பெரும்பாலும் கேட்பவர் அதனை அறிவதில்லை.

கேட்போர் பலரானால் வேறொரு தொல்லை எழுகிறது. நாற்பது திறன்பேசிகளுக்குத் தனித்தனியே அனுப்பினால் நொடிக்கு 2,000 பொட்டலங்கள் ஆகும். பிட்டுகளின் அளவு சிறிதே. ஒவ்வொரு பொட்டலமும் தன் முறைக்காகக் காத்திருப்பதே சுமை. ஒரே பொட்டலத்தை எல்லாருக்குமாகப் பரப்பலாமே எனத் தோன்றும். ஆனால் அவ்வாறு பரப்பப்படும் பொட்டலம் சேர்ந்ததா என்பதை அருகலை உறுதி செய்துகொள்வதில்லை. தொலைந்தால் மீண்டும் அனுப்புவதுமில்லை. மேலும், இணைந்த திறன்பேசிகளுள் ஒன்று மின்கலச் சேமிப்புக்காக உறக்கநிலைக்குச் சென்றாலும், அது விழிக்கும் தருணம்வரை திசைவி அப்பொட்டலங்களை நிறுத்தி வைக்கும். அத்தருணங்களுக்கு இடைப்பட்ட காலம் பொதுவாக 100 மில்லிநொடியோ அதற்கு மேலோ இருக்கும். எனவே, சிறிய அரங்குகளுக்குத் தனித்தனியே அனுப்புவதே நன்று.

எளிதில் கண்ணில் படாத குறை ஒன்றும் உண்டு. கணினியின் கடிகாரமும் திறன்பேசியின் கடிகாரமும் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபட்டாலும் ஒரு மணி நேரத்தில் அது 360 மில்லிநொடியாகிவிடும். தொடக்கத்தில் இதழோடு ஒத்திருந்த குரல், உரை முடியும் வேளையில் விலகிப் போயிருக்கும். நல்ல மென்பொருள் இடையகத்தின் நிரம்பலைக் கவனித்து, காது அறியாத அளவுக்கு ஒலியைச் சற்றே நீட்டியோ சுருக்கியோ இதனைச் சரிசெய்கிறது.

இத்தனையும் செவ்வனே அமைந்த பின்பும், இறுதி ஓரடித் தொலைவில் தாமதம் கூடிவிடுவதுண்டு. புளூடூத் வழி இயங்கும் செவிப்பொறிகள் பல, தாமாகவே 100 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. இதழசைவைப் பார்த்துக் கேட்பவருக்குக் கம்பியுடன் கூடிய பழைய செவிப்பொறியே ஏற்றது.